பாலத்தடியில் பூ கட்டுகிறவர்கள்

கொள்ளிடம் ரயில் பாலத்தின் தூண்களில் அந்தி வெயில் சாய்ந்து கிடக்கிறது. கஞ்சா விற்பவன் வழக்கமாக பைக்கை நிறுத்தும் நிழலில் கமலவல்லியும் அவள் தெருவுப் பெண்கள் நாலு பேரும் சாக்கை விரித்துப் பூ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊறிய வாழைநார் விரலில் வழுக்குகிறது. மல்லிகை மொட்டு மணக்கிறது. முன்பு இவர்கள் போலீசுக்குச் சொன்னபோது, விற்றவனோடு வாங்கப்போன கமலவல்லியின் மகனும் மாட்டிக்கொண்டான். கேஸ் இருப்பவனுக்கு இன்னும் எவரும் வேலை தரவில்லை. விற்றவனோ ஜாமீனில் வந்து, இதோ எதிரே பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். “பூ கட்ட வேற இடமே இல்லையாக்கா?” என்கிறான். “இங்க காத்து நல்லா வருது தம்பி” என்கிறாள் கமலவல்லி, தலை நிமிராமல். மேலே ரயில் தடதடத்துப் போகிறது. காலேஜ் பையோடு ஒருவன் சரிவில் பைக்கை நோக்கி இறங்கி வருகிறான். “யாரு, ரோசரி மகன் ஜோஸா? அம்மா நல்லா இருக்காங்களா?” அவள் குரல் கரை முழுக்கக் கேட்கிறது. அவன் நின்று, தன் செருப்பையே பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடக்கிறான். விற்பவன் பல்லைக் கடித்துக்கொண்டு பைக்கை அடுத்த தூணுக்கு உருட்டுகிறான். கமலவல்லி சாக்கைச் சுருட்டுகிறாள். பாதி கட்டிய சரம் கையில் தொங்க, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொள்கிறாள். “எழுந்திரிங்கடி. அங்கயும் காத்து வருது.”