திரையில் மயில் வரவில்லை

“உங்க மெஷினைத் தூக்கித் தாபி ஆத்துல போட்டுடுவேன்!” என்று போனில் கத்தினார் ஜசுபென்.

தெருவில் யாருக்கும் அது கேட்டிருக்காது. சூரத்தின் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு எம்பிராய்டரி மெஷின் அதைவிடச் சத்தம் போடும். ஏற்கெனவே மெஷின் விற்ற கம்பெனிக்கு இரண்டு முறை போன் அடித்து, ஆண் குரல் கேட்டதுமே வைத்துவிட்டார். மூன்றாவது முறை ஒரு பெண் எடுத்ததும் பிடித்துக்கொண்டார்.

“கோபப்படாதீங்க பென்,” என்று குஜராத்தி வழக்கப்படி அக்கா முறை வைத்தது அந்தக் குரல். “நான் ரியா பேசுறேன். என்ன பிரச்னை?”

“உன் பேரு எதுவா இருந்தா எனக்கென்ன? நாலு நாள்ல என் சின்னப் பொண்ணு கிஞ்சலுக்குக் கல்யாணம். கல்யாணப் பொண்ணு கட்டுற பானேதர் புடவை முந்தானையில மயில் போடணும். பென் டிரைவைச் சொருகினா மயிலும் வரல, மண்ணாங்கட்டியும் வரல!”

“டிசைன் எங்க வாங்கினீங்க?”

“பக்கத்து கார்கானாக்காரன் வாட்ஸ்அப்புல அனுப்பினான். சூரத்துல எல்லாரும் அப்படித்தானே?”

பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். கார்கானாவின், அதாவது பட்டறையின், பெரிய மெஷினுக்கான ஃபைல் வீட்டு மெஷினுக்குப் புரியாது. புரிந்தாலும், முழ நீள மயில் சாண் அளவு ஃபிரேமுக்குள் எப்படி உட்காரும்?

“எனக்கு அனுப்புங்க பென். அளவையும் தையலையும் குறைச்சு, உங்க மெஷினுக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர்றேன்.”

காத்திருந்த நேரத்தையும் ஜசுபென் வீணாக்கவில்லை.

“கூட இருக்கிற வரைக்கும் தேனா பேசுறது! அப்புறம் இவ இருக்காளா செத்தாளான்னு ஒரு போன் உண்டா? மூணு வருஷமா!”

“பென்... நீங்க மெஷின் வாங்கி இருபது நாள்தான் ஆகுது.”

“எதிர்த்துப் பேசாதே!”

மறுமுனையில் கீபோர்டு படபடவென்று தட்டப்பட்டது.

“பென், இந்தக் கால் ரெக்கார்டு ஆகுது.”

“ஆகட்டும்! ஊரே கேட்கட்டும்!”

எங்கேயோ இருக்கிற கோபத்தைப் போனில் மாட்டிய பெண்ணிடம் கொட்டுவது நம் எல்லோருக்கும் கைவந்த கலைதான்.

ஃபைல் வந்தது.

“பென் டிரைவ்ல ஏத்தும்போது ஃபோல்டருக்குள்ள போடாம வெளியவே வைங்க பென். துணிக்கு அடியில பேப்பர் வெச்சு, ஃபிரேம்ல இறுக்கிப் பிடிங்க. முதல்ல பழைய துணியில ஓட்டிப் பாருங்க. புடவையில நேரா கை வெச்சுடாதீங்க.”

“எனக்கே சொல்லித் தர்றியா?” என்று சீறிக்கொண்டே ஜசுபென் எல்லாவற்றையும் அப்படியே செய்தார். திரையில் மயில் வந்தது. ஊசி இறங்கி, பழைய துணியில் கழுத்து வரைக்கும் பிசிறில்லாமல் தைத்தது.

“வந்துருச்சா பென்?”

“வந்துருச்சு.” அதையும் திட்டுகிற மாதிரியேதான் சொன்னார்.

போனை வைக்கும் முன் கம்பெனி சொல்லிக் கொடுத்திருந்த வாசகத்தை அந்தப் பெண் ஒப்பித்தாள்.

“வேற ஏதாவது உதவி வேணுமா பென்?”

“வேணும்டி. மூணு வருஷம் அம்மாவை மறந்தது போதும். உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து சேரு!”