பதினாறுக்குப் பன்னிரண்டு

பாண்டி பஜார் ஹோம் தியேட்டர் கடையின் மாடியில், சாத்திய கண்ணாடி அறைக்குள் ஐந்து ஸ்பீக்கர்களிலும் மழை பெய்கிறது. சோபாவின் நுனியில் ஜவஹரும் மனைவி ஜெயஸ்ரீயும் உட்கார்ந்திருக்கிறார்கள். "ஹால் இன்னா சைஸ் சார்?" என்கிறார் விற்பனையாளர் ராபர்ட். "பதினாறுக்குப் பன்னிரண்டு." ஜெயஸ்ரீ திரும்பிக் கணவரைப் பார்க்கிறாள். அவர்களுடைய ஹால் பத்துக்கு எட்டு. அதில் பீரோ வேறு நிற்கிறது. "அப்ப இந்தப் பெரிய செட்டே போட்லாம் சார். சோபாவுக்குப் பின்னாடி நாலடி வுட்டு ரெண்டு ஸ்பீக்கர்." "பின்னாடி பக்கத்து வீட்டு கிச்சன்தாங்க இருக்கு" என்று ஜெயஸ்ரீ முணுமுணுக்க, ஜவஹர் அவள் முழங்கையை அழுத்துகிறார். டெலிவரிக்காக ராபர்ட் முகவரி எழுதுகிறார். கோட்டூர்புரம், ஹவுசிங் போர்டு, பி பிளாக். பேனா நிற்கிறது. "நானும் அங்கதான் சார், டி பிளாக்." அங்கே எல்லா பிளாக்கிலும் ஒரே அளவு வீடுகள்தான். ராபர்ட் ரிமோட்டை அழுத்துகிறார். மழை நின்று ஏ.சி.யின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. ஜவஹருக்குக் காது மடல் சுடுகிறது. கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வருகிறது: டிவிக்குக் கீழே வைக்க ஒரு சவுண்ட்பார், சுவரில் மாட்ட உள்ளங்கை அளவில் இரண்டு ஸ்பீக்கர், விலையும் பாதி. "இத்தையும் பாத்துடுங்க சார். எங்க ஊட்ல இதான் கீது. எங்க ஹால் சின்னது." "ஓ, உங்களுது சின்னதா?" என்று கேட்டுவிடுகிறார் ஜவஹர். "ஆமா சார், ரொம்பச் சின்னது" என்கிறார் ராபர்ட், சிரிக்காமல். ஜெயஸ்ரீ குனிந்து, பெட்டியின்மேல் அச்சடித்திருப்பதை எல்லாம் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டே இருக்கிறாள், நிமிரவில்லை.