கடைசி எண்ணைத் தாண்டி நின்ற முள்

சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டு, இரண்டு கார்புரேட்டர் வைத்து பியூலா தன் கையாலேயே பூட்டிய எஞ்சின் அது. காரோ அவளைவிட மூத்தது. புறவழிச்சாலையில் அவள் மிதித்த மிதியில், வேகம் காட்டும் முள் மீட்டரின் கடைசி எண்ணையும் தாண்டிப் போய் இடித்துச் சிக்கிக்கொண்டது. ஷெட்டுக்கு வந்து எஞ்சினை அணைத்த பிறகும் முள் கீழே இறங்கவில்லை. "மீட்டர மாத்திரலாமாக்கா?" என்றார் ஷெட்டில் வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன். "தொட்டீங்கன்னா தெரியும் சேதி. அங்கயே நிக்கட்டும்." சாயங்காலம் அண்ணன் ஜெபராஜ் வந்தான். முன்பு இந்தக் காரைப் பார்த்து, "காயலாங்கடைக்குக்கூட ஆகாதுடி" என்று சிரித்தவன். குனிந்து கண்ணாடி வழியாக முள்ளைப் பார்த்தான். அந்தப் பக்கம் கிடந்த நாற்காலிக்குப் போக, நிற்கிற காரின் முன்னால் ஓரடி எடுத்து வைத்தான். சட்டென்று, பாய்ந்து வரும் வண்டிக்கு முன்னால் கால் வைத்தவன்போல் காலை இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றிப் போனான்.