மேசைக்கு அடியில் ஒரு கால்

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அதை மட்டும் சொல்லிவிடாதே என்றுதான் ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்த அன்றே மாரிக்கனியை மற்ற ஆசிரியர்கள் எச்சரித்திருந்தார்கள். எந்தப் பிள்ளையிடம் பேசினாலும் தலைமையாசிரியர் பக்கத்தில் உட்காருவார். இந்தப் பள்ளியில் அதுதான் வழக்கமாம்.

அவர் சிரித்தார். "தனியாப் பேசணும்கிறது இன்னும் மசோதாவாத்தாம்மா கெடக்கு. சட்டமாகட்டும், நானே எந்திரிச்சுப் போறேன். நீ கேளு."

எதிரே எட்டாம் வகுப்பு தர்ஷிகா உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாச்சும் பிரச்சினையாம்மா?"

"ஒண்ணுமில்ல மிஸ்." வாய்தான் சொன்னது. மேசைக்கு அடியில் அவளுடைய வெறுங்கால் மாரிக்கனியின் காலை அழுத்தியது.

"யாருக்காச்சும் பயப்படுறியா?"

"இல்ல மிஸ்." இப்போது நகம் பதிந்தது.

"பாத்தியா, நல்லாத்தான இருக்கா? ஒனக்குத்தான் வேல கசக்குது போல."

இந்த வேலை போய்விடலாம் என்று மாரிக்கனிக்குப் புரிந்தது. அவள் வீட்டில் படித்து வேலைக்கு வந்த முதல் ஆளே அவள்தான். எழுந்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பது எழுந்தபோதே முடிவாகிவிட்டது.

"தர்ஷு..." பின்னாலிருந்து அவர் செல்லமாகக் கூப்பிட்டார்.

பிள்ளை மாரிக்கனியின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். மாரிக்கனி திரும்பாமல் கேட்டை நோக்கி நடந்தாள்.