அவகாசம்

அதிகாரி மலையாளத்தில் ஏதோ கேட்டார். சந்தனமாரிக்கு அதில் பாதிதான் பிடிபட்டது.

கல்யாணமாகி கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. வந்த முதல் வாரம் சந்தில் யாரோ "வெள்ளம் வந்நு" என்று கத்தியதும் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். தெருக்குழாயில் தண்ணீர் வந்ததற்கு அந்தக் கத்தல் என்று பிறகுதான் தெரிந்தது. சந்தே சிரித்தது.

நல்லவேளையாகப் பக்கத்தில் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி நின்றார். மிளகுக் கிடங்கின் மேற்பார்வையாளர். கிடங்குக்குப் பின்னால் குடிசைகள் நிற்கிற இந்த நிலமும் அவருடைய முதலாளியுடையதுதான். ஆனாலும் அண்ணாச்சி தென்காசிப் பக்கம். சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டாலே அவளுக்குப் பாதி பயம் போய்விடும்.

"ஒங்களுக்கு அவகாசம் வேணுமான்னு சார் கேக்காரு, தங்கச்சி."

அந்தச் சொல்லைக் காலையில்தான் கேட்டிருந்தாள்.

அண்ணாச்சி லீவு தரவில்லை என்பதால் அவள் புருஷன் சங்கரலிங்கம் கிடங்கில் மூட்டை தூக்கப் போகவேண்டியதாயிற்று. போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். ஆபீசர் வந்தால் வேறெதுவும் பேசவேண்டாம், நமக்கு அவகாசம் வேணும் என்று மட்டும் சொன்னால் போதும்.

அப்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்கு எதற்குத்தான் அவகாசம் வேண்டியிருக்கவில்லை? ஒழுகுகிற கூரையை மாற்றச் சொன்னால், ஆகட்டும். வாசலில் தேங்குகிற சாக்கடைக்கு வாய்க்கால் வெட்டச் சொன்னால், ஆகட்டும். அடுக்களைப் புகையில் கண் எரிகிறது, சுவரில் ஒரு சன்னலாவது வையுங்கள் என்று கெஞ்சியபோதும் அதே பதில்தான். கொஞ்சம் பொறு மாரி, நேரம் வரட்டும்.

தோப்பும்படியில் புது வீடுகள் எழும்புகின்றன என்று போன வாரம் குழாயடியில் அண்ணாச்சி சொல்லியிருந்தார். உள்ளேயே குழாய், கதவு வைத்த கக்கூஸ், அடுக்களைக்கென்று தனிச் சன்னல். இங்கே முதலாளி லாட்ஜ் கட்டப்போகிறார். முரண்டு பிடிக்காமல் முதலில் காலி செய்கிறவர்கள் அங்கே பிடித்த வீட்டை எடுத்துக்கொள்ளலாமாம். சந்தனமாரி அன்றைக்கே மனசுக்குள் கிழக்கு பார்த்த மூலை வீட்டில் குடியேறி, அடுப்பையும் பற்றவைத்துவிட்டாள்.

அவகாசம் கேட்டு நின்றால் அந்த வீடு வேறு எவளுக்காவது போய்விடும்.

"அவகாசமெல்லாம் ஒண்ணும் வேண்டாம், அண்ணாச்சி. நாளைக்கே எறங்கச் சொன்னாலும் எறங்கிருவோம்."

அண்ணாச்சி அதை மலையாளத்தில் சொன்னார். அதிகாரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நேராக அவளிடமே இன்னொரு தடவை கேட்டார். அதிலும் அந்தச் சொல் இருந்தது. அவள் பலமாகத் தலையாட்டி, வேண்டாம் என்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அடுத்த குடிசை நாணுவுடையது. தோணி தள்ளுகிற ஒண்டிக்கட்டை. ஒரு பாயும் இரண்டு பானையும்தான் அவருடைய சொத்து. அவர் கைகூப்பிக்கொண்டு, அவகாசம் வேணும் என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பாயைச் சுருட்ட எவ்வளவு நேரமாகும்?

அதிகாரியோடு வந்தவர்கள் சங்கிலி பிடித்து நாணுவின் குடிசையைச் சுற்றி அளந்து, முளை அடித்தார்கள். அண்ணாச்சியின் முகம் கறுத்துப்போயிற்று. இடிக்கத்தான் அடையாளம் வைக்கிறார்கள், பாவம் கிழவர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஜீப் கிளம்பியதும் நாணு அவளிடம் வந்தார்.

"இனி ஈ மண்ணு எண்டெயா, மோளே. நீ எந்தினா அவகாசம் வேண்டான்னு பறஞ்ஞது?"

அவள் முழித்ததைப் பார்த்து அவர் காலால் தரையைத் தட்டி, கையால் நெஞ்சைத் தட்டி விளக்கினார். எழுபதில் வந்த சட்டம். குடிசையில் இருக்கிறவனுக்கே குடிசை நிற்கிற மண், மூன்று சென்ட். முதலாளி நினைத்தாலும் இறக்கிவிட முடியாது. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை.

சின்ன வயதிலேயே கொச்சிக்கு வந்துவிட்ட சங்கரலிங்கத்துக்கு அது வேற்றுச் சொல் என்ற நினைப்பே இல்லாமல் போயிருந்தது. அவளும் அர்த்தம் கேட்கவில்லை. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் கேட்டிருப்பாள்.

சந்துமுனைக்கு ஓடினாள். ஜீப் போய்விட்டிருந்தது. அண்ணாச்சி மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தார். தமிழும் தெரிந்து மலையாளமும் தெரிந்து அங்கே நின்ற ஒரே ஆள். அவள் கேட்டதற்கு அவர் கோபப்படக்கூட இல்லை.

"சார் சொன்ன சொல்லத்தான நானும் சொன்னேன், தங்கச்சி. ஒரு எழுத்து மாத்தினேனா?"

மாற்றவில்லைதான். தோப்பும்படி வீடு யாருக்குக் கிடைக்கும் என்று கேட்டாள். அதெல்லாம் சர்க்கார் காரியம், எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். ஊர்க்காரர் என்று நம்பிய தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் சங்கரலிங்கம் சந்துக்குள் நுழையும்போதே முகமெல்லாம் சிரிப்பு. தலையில் ஒரு சன்னல் சட்டம். பஜார் ரோட்டில் இடித்த பழைய கிடங்கினுடையது, நல்ல தேக்கு. முதலாளியின் சுவராக இருந்தவரை ஒரு ஆணி அடிக்கக்கூட அவனை விட்டதில்லை.

"எந்தப் பக்கம் வெட்டட்டும், மாரி? இனி நம்ம சுவருல்லா."

தலைச்சுமையை இறக்க இன்னொருவர் கை கொடுக்கவேண்டும். அவன் குனிந்து காத்திருந்தான். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.