அணில் கேட்ட உதவி

கோடை மழையில் அணிலின் கூடு சரிந்து விழுந்தது. அணில் மூன்று குட்டிகளோடு மதில் மேல் நனைந்து நின்றது.

அதைப் பார்த்த காகம் கரைந்து தன் கூட்டத்தை அழைத்தது. ஆளுக்கொரு மீன் தலையாகக் கொண்டுவந்து குவித்தன.

"அக்கா, இதை நாங்க தின்ன மாட்டோமே."

காகத்துக்குச் சுருக்கென்றது. "அப்போ என்னதான் வேணும்?"

"கூட்டை நானே கட்டிக்குவேன். தேங்காய் நார் எடுக்கப் போனா, குட்டிகளைத் தேடிப் பூனை வந்துடுது."

காகம் குட்டிகளை ஒட்டி உட்கார்ந்தது. "நீ போயிட்டு வா. பூனை வரட்டும், பார்த்துக்கிறேன்."

பூனை நான்கு முறை வந்தது. நான்கு முறையும் காகம் தலையில் கொத்தி விரட்டியது. பொழுது சாய்வதற்குள் கூடு முடிந்தது.

அடுத்த வாரம் காகம் முட்டையிட்டது. இரை தேடப் போகத் தயங்கியபோது, கூட்டின் விளிம்பில் அணில் வந்து உட்கார்ந்தது.

"போயிட்டு வாங்கக்கா. குயில் வரட்டும், பார்த்துக்கிறேன்."