ஓக் கன்றின் தண்ணீர்

காரமடையிலிருந்து குன்னூருக்கு மகளைப் பார்க்க வந்த அப்பா, வாசலில் உட்கார்ந்ததுமே தண்ணீர் கேட்டார். வீட்டுக்கான அன்றைய பங்கு காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் பூரணி, தான் விதை போட்டு முளைக்கவைத்த ஓக் கன்றுக்கென்று அரசு தனியாக அளந்து தரும் தண்ணீரை ஒரு சொம்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

அவர் பாதி குடிப்பதற்குள், கன்றின் வேரில் அரசு பதித்திருந்த கருவி உணர்த்த, தெருவிலிருந்த கைப்பேசிகளெல்லாம் ஒரே குரலில் பேசின: “எட்டாம் வீட்டு ஓக் கன்று தாகமாக இருக்கிறது.”

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா தன் பங்கில் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அதைக் கன்றின் வேரில் பார்த்துப் பார்த்து ஊற்றினாள்.

“பச்சப் புள்ளைய இப்படியா வாடவிடுவ, பூரணி?”

பூரணி அப்பாவின் கையிலிருந்த சொம்பை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றாள். அக்கா போனதும் அப்பா மெல்லக் கேட்டார்.

“ஏங்கண்ணு, செடிக்கு வெச்சதையா எனக்குக் குடுத்தே?”

சொம்பில் மிச்சமிருந்ததை அவரும் வேரிலேயே ஊற்றினார். “நான் கெளம்பறேன் சாமி” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கப்பா என்று சொல்ல வாயெடுத்தாள் பூரணி. உலை வைக்க வீட்டில் தண்ணீர் இல்லை.